ஊட்டும் கையும் குறிப்பெடுக்கும் கையும்

நார்வேயில் குடியேறிய பெற்றோர், மழலையர் கூடத்தின் வாசலில் எதைச் சொல்கிறார்கள், எதை விழுங்கிக்கொள்கிறார்கள்?

ஜனவரி மாதம், காலை எட்டே கால். ஆஸ்லோவின் வடகிழக்கில் உள்ள க்ரூருட் பள்ளத்தாக்கு இன்னும் இருட்டில் கிடக்கிறது. மழலையர் கூடத்தின் உடைமாற்றும் அறையில் மட்டும் சந்தை இரைச்சல். ஒவ்வொரு குழந்தைக்கும் சுவரில் ஒரு கொக்கி, கொக்கிக்கு மேலே அதன் புகைப்படம். மூலையில் ஈரக் கையுறைகளைக் காயவைக்கும் மின் அலமாரி உறுமிக்கொண்டிருக்கிறது. ஒரு தமிழ்த் தாய் மண்டியிட்டு, இரண்டு வயது மகளின் உடைகளை ஒவ்வொரு அடுக்காகக் கழற்றுகிறார். வெளியே தலையிலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாகத் தைத்த பனியுடை, அதற்குள் தடித்த கம்பளி, அதற்கும் உள்ளே தோலோடு ஒட்டும் மெல்லிய கம்பளி. பருத்தி பனியன் போட்டு அனுப்பினால் மாலையில் ஆசிரியை நாசூக்காகச் சொல்லிவிடுவார்: பருத்தி வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் உடம்பில் இறங்கிவிடும்.

ஆசிரியை குனிந்து கேட்கிறார். ராத்திரி நன்றாகத் தூங்கினாளா? ஏதாவது சாப்பிட்டாளா?

“யா, யா. ஃபீன்ட்.” எல்லாம் நல்லபடி.

குழந்தை தூங்கும்போது மணி பதினொன்று. லண்டனிலிருந்து சித்தி குடும்பம் வந்திருந்தது. அம்மம்மா கைபேசியில் பாட்டுப் போட்டுக் காட்டி, பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டிவிட்டார். பிள்ளை படுத்தது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில். இதில் ஒளிக்க வேண்டியது ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ இதை ஒரு செய்தியாகக்கூட யாரும் எண்ணமாட்டார்கள். இங்கே அந்தத் தாய் ஒவ்வொன்றையும் நாக்கு நுனியில் வைத்து எடை போட்டுவிட்டு, ஒரு ‘ஃபீன்ட்’டோடு நிறுத்திக்கொள்கிறார். இது ஒரு வீட்டின் கதை அல்ல. நார்வேத் தமிழர் பலருக்கும் பழகிப்போன காலைக் காட்சி.

அந்த விழுங்கலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை வரவேற்க நார்வே சட்டம் எழுதியிருக்கிறது, பணம் ஒதுக்கியிருக்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. ஆனாலும் வாசலில் பேச்சு வரவில்லை என்றால், உள்ளே நடக்கும் எல்லா வரவேற்பும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

சினிமா விட்டுச்சென்ற பயம்

நார்வே என்றதும் நம்மூரில் இப்போது நினைவுக்கு வருவது நள்ளிரவுச் சூரியன் அல்ல, ‘மிஸஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே’. 2023 மார்ச்சில் வந்த இந்தி படம். அதில் நடித்த ராணி முகர்ஜிக்கு 2025 ஆகஸ்டில் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது பழைய விவாதம் மறுபடி கிளம்பியது. படத்தின் மூலக்கதை உண்மையானது. 2011-இல் ஸ்டவாங்கர் நகரில் வாழ்ந்த ஒரு வங்காளிக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளைக் குழந்தை நலத்துறை எடுத்துச் சென்றது. கையால் ஊட்டியதும் ஒரே படுக்கையில் தூங்கவைத்ததும் குற்றமாகப் பார்க்கப்பட்டன என்று பெற்றோர் சொன்னார்கள். இந்திய அரசு தலையிட்ட பிறகு 2012-இல் குழந்தைகள் அவர்களுடைய சித்தப்பாவின் பொறுப்பில் இந்தியா வந்தார்கள். பிறகு நீதிமன்றம் போய் தாய் அவர்களைத் திரும்பப் பெற்றார்.

கையால் ஊட்டுவதும் பிள்ளையோடு படுப்பதும் குழந்தையை எடுக்கக் காரணமாகாது என்று நார்வே தரப்பு அன்றும் சொன்னது, படம் வந்தபோது டெல்லியில் இருந்த அதன் தூதரும் எழுதினார். வழக்கின் முழு ஆவணங்களும் ரகசியக் காப்புக்குள் இருப்பதால் வெளியே நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு விஷயம் தெளிவு. தூதர் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் சிலர். அந்தக் கதையைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கில். ஆஸ்லோவில் பிள்ளை பெற்ற மகளுக்கு உதவியாகப் போகும் பாட்டி, விமானம் ஏறும்போதே அந்தக் கதையையும் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்.

■ பெட்டிச் செய்தி: பார்னஹாகே

நார்வேயில் 1 வயது முதல் 5 வயது வரையான குழந்தைகள் போகும் மழலையர் கூடத்தின் பெயர் பார்னஹாகே. 6 வயதில் பள்ளி. ஒரு வயதிலிருந்து இடம் பெறுவது 2009 முதல் சட்ட உரிமை; 1 முதல் 5 வயதுக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் அங்கே இருக்கிறார்கள். 2018 முதல், 3 வயதுக்குக் குறைந்த மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட ஆறு குழந்தைகளுக்கு ஒருவர் என்பது பணியாளர் விதி. 2024 ஆகஸ்டில் மாதக் கட்டணத்தின் உச்சவரம்பு 2,000 குரோனராகக் குறைக்கப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களின் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 20 மணி நேரம் இலவசம். நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம்; அதில் ஐந்தில் ஒருவர் குடியேறியவர் அல்லது குடியேறியவர்களுக்கு அங்கே பிறந்தவர்.

அன்பும் அதிகாரமும் ஒரே ஆளிடம்

பயத்துக்கு வெறும் சினிமா மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அமைப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. குழந்தை கொடுமைக்கோ கடும் புறக்கணிப்புக்கோ உள்ளாகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், மழலையர் கூடத்து ஊழியர்கள் ‘பார்னவேர்ன்’ எனப்படும் குழந்தை நலத்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இது அவர்களுடைய விருப்பம் அல்ல, சட்டக் கடமை. பிள்ளையின் மூக்கைத் துடைத்து, மடியில் வைத்துக் கதை படித்து, தூங்கவைக்கும் அதே பெண்தான் அந்தக் கடிதத்தையும் எழுத வேண்டியவர்.

இந்தக் கடமை தவறு என்று சொல்ல வரவில்லை. வீட்டில் அடி வாங்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு வெளி உலகில் இருக்கும் ஒரே சாட்சி பெரும்பாலும் அந்த ஆசிரியைதான். ஆனால் அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பெற்றோருக்கு, எது சும்மா பேச்சு, எது கடிதம்வரை போகும் என்று சொல்லாமலே தெரியும். ‘நேற்று கத்தித் தொலைத்துவிட்டேன், பாவம்’ என்று ஒரு நார்வே அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். அதே வாக்கியத்தை நம் ஊர் அம்மா தன் அரைகுறை நார்வேஜிய மொழியில் சொல்லத் துணியமாட்டார். எந்தச் சொல் எந்தத் தட்டில் விழும் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே ‘எல்லாம் நல்லபடி’.

இதன் விளைவு விபரீதமானது. பேசாத பெற்றோரை ஆசிரியை எப்படிப் பார்ப்பார்? ஒத்துழைக்காதவர், எதையோ மறைப்பவர், அல்லது பிள்ளை விஷயத்தில் அக்கறை இல்லாதவர். பயத்தால் வந்த மௌனம் சந்தேகத்தைக் கிளப்புகிறது, சந்தேகம் கேள்வியாகிறது, கேள்வி பயத்தை இன்னும் இறுக்குகிறது. அமைப்புக்கு யார் மீதும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தச் சுழல் தானாகவே சுற்றும்.

■ பெட்டிச் செய்தி: பார்னவேர்ன்

இது உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் சேவை. அதன் பணியில் பெரும்பகுதி குழந்தையைப் பிரிப்பது அல்ல. பெற்றோர் சம்மதத்தோடு வீட்டுக்கே வரும் ஆலோசனையும் உதவியும்தான். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து எடுக்கும் முடிவைத் தனியான ஒரு தீர்ப்பாயம் செய்யும். அவசர நேரத்தில் மட்டும் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு விசாரிக்கலாம். பெற்றோர் குழந்தையை அடிப்பது 1987 முதல் நார்வேயில் சட்டப்படி தடை. குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள் இந்தத் துறையின் பதிவுகளில் தங்கள் மக்கள்தொகை விகிதத்துக்கு அதிகமாகவே காணப்படுகிறார்கள்.

ஸ்ட்ராஸ்பூர்க் கொடுத்த அடி

புலம்பெயர்ந்தோர் சும்மா பயப்படுகிறார்கள் என்று சொல்லிவந்தவர்களுக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு பதில் வைத்திருந்தது. 2019 செப்டம்பரில் ஒரு நார்வே தாயின் வழக்கில் அதன் பேரமர்வு நார்வே அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொடர்ந்து பல வழக்குகளில் நார்வே தோற்றது. நமக்கு முக்கியமானது 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு. சோமாலியாவிலிருந்து அகதியாக வந்த இளம் முஸ்லிம் தாய். அவருடைய குழந்தை ஒரு கிறிஸ்தவ வளர்ப்புக் குடும்பத்தில் விடப்பட்டு, பிறகு அவர்களுக்கே தத்துக் கொடுக்கப்பட்டது. வழக்கு அந்தக் கட்டத்துக்கு வந்தபோது, பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்றுகூட அந்தத் தாய் கேட்கவில்லை. என் பிள்ளைக்குத் தன் வேர் தெரிய வேண்டும், தொடர்பு அறக்கூடாது என்றுதான் கேட்டார். நார்வே அந்தக் குடும்பத்தின் உரிமையை மீறியது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய குழந்தை நலச் சட்டம், முடிவு எடுக்கும்போது குழந்தையின் இன, மத, பண்பாட்டு, மொழிப் பின்னணியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. சட்டம் மாறிய சேதி அந்த உடைமாற்றும் அறைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்பது வேறு கேள்வி.

பண்டிகைக்கு ஒரு நாள், சோற்றுக்கு 200 நாள்

2017-இல் வந்த தேசியக் கல்விச் சட்டகம் மழலையர் கூடங்களுக்குப் பண்பாட்டுப் பன்மையை ஒரு வளமாகப் பார்க்கச் சொல்கிறது. கூடத்தில் இருக்கும் குழந்தைகளின் பண்டிகைகளை அடையாளம் காட்ட வேண்டும், பன்மொழிக் குழந்தைகள் தாய்மொழியைப் பயன்படுத்த ஊக்கம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பல கூடங்கள் இதைச் செய்வது எப்படி? சுவரில் நாட்டுக் கொடிகள். ஆண்டுக்கு ஒரு நாள் பெற்றோர் கொண்டுவரும் பதார்த்தங்கள். தமிழ் அம்மா பட்டுப்புடவை கட்டி ரோல்ஸும் வடையும் கொண்டுபோவார். எல்லோரும் ருசித்துப் பாராட்டுவார்கள். மறுநாள் பழைய கதை.

எனக்கு இந்தக் கொடி வியாபாரத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. பண்பாடு இருப்பது வடையில் அல்ல, மத்தியானச் சாப்பாட்டு மேசையில். நார்வே மேசையில் தவிட்டு ரொட்டித் துண்டு, அதன் மேல் பழுப்புச் சீஸ் அல்லது தக்காளிச் சாற்றில் ஊறிய கானாங்கெளுத்தி மீன். ஒன்றரை வயதுக் குழந்தை தானே எடுத்து, தானே சிந்தி, தானே தின்ன வேண்டும். பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வளர்வது அப்படித்தான் என்பது அவர்கள் கண்ட உண்மை. நம் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாய் உருட்டிக் கொடுப்போம். பிள்ளை வயிறு நிறைந்தது என்று கைக்குத் தெரிய வேண்டும் என்பது நாம் கண்ட உண்மை. முதல் மாதம் தமிழ்ப் பிள்ளை மேசையில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஊழியருக்கு விஷயம் தெரிந்திருந்தால் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாதி ஊட்டி, பாதி விட்டுப் பழக்குவார். தெரியாவிட்டால் ‘வளர்ச்சியில் பின்தங்கியிருக்கிறதோ’ என்று ஒரு குறிப்பு எழுதப்படும்.

தூக்கமும் அப்படியே. நார்வேயில் கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போட்டு, கம்பளி சுற்றி, பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரிலும் வெளியே தூங்கவிடுவார்கள். வெளிக்காற்று உடம்புக்கு நல்லது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டது. முதல்முறை பார்க்கும் அம்மம்மா நெஞ்சில் கைவைப்பார்: “ஐயோ, இந்தக் குளிருக்கை பிள்ளையை வெளியில படுக்க விட்டிருக்கினமே!” இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்து, பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்ளும் தருணம் இது. வேடிக்கை என்னவென்றால், இதில் ஒரு தரப்பின் அதிர்ச்சி வீட்டுக்குள் புலம்பலாக முடிந்துவிடும். மறு தரப்பின் அதிர்ச்சிக்கு ஒரு படிவம் இருக்கிறது.

அதனால் நல்ல கூடங்கள் பண்டிகையிலிருந்து தொடங்குவதில்லை. சேரும் நாட்களிலிருந்து தொடங்குகின்றன. முதல் சில நாட்கள் பெற்றோரும் கூடவே இருந்து பிள்ளையைப் பழக்கும் வழக்கம் அங்கே பொதுவாகவே உண்டு. அதே நாட்களை, ஊழியர் பெற்றோரிடம் கற்றுக்கொள்ளும் நாட்களாக மாற்றலாம். எப்படித் தூங்கவைப்பீர்கள்? தண்ணீர் வேண்டும் என்பதைப் பிள்ளை எந்தச் சொல்லால் கேட்கும்? ‘தண்ணி’, ‘வலிக்குது’, ‘அம்மா வருவா’ என்று மூன்று தமிழ்ச் சொற்களை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தால் ஒரு காசு செலவில்லை.

வீட்டு மொழியை விடு என்றால் என்ன ஆகும்?

ஒருகாலத்தில் பல நாடுகளில் ஆசிரியர்களும் தாதியரும் பெற்றோருக்குக் கொடுத்த அறிவுரை, வீட்டிலும் நாட்டு மொழியைப் பேசுங்கள் என்பதே. இன்று நிபுணர்கள் நேர்மாறாகச் சொல்கிறார்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ் 1970-களின் இறுதியிலிருந்து வலியுறுத்திவந்தது இதைத்தான்: முதல் மொழியில் பெற்ற அறிவு இரண்டாம் மொழிக்குக் கடந்து வரும், ஒன்றை வெட்டினால் மற்றது செழிக்கும் என்பது பொய்க்கணக்கு. பெற்றோர் தங்களுக்கு முழுமையாக வராத மொழியில் பிள்ளையோடு பேசினால், பிள்ளைக்குக் கிடைப்பது ‘வா, போ, சாப்பிடு’ அளவுக்கு மெலிந்த பேச்சு. கதை, கேலி, கோபம், ஏன் என்ற கேள்விக்கு நீண்ட பதில் எதுவும் அதில் வராது.

ஆனால் இங்கேயும் சட்டத்துக்கும் வாசலுக்கும் இடையில் இடைவெளி. நார்வேஜிய மொழி போதாத மாணவருக்குத் தேவைப்பட்டால் தாய்மொழிப் பயிற்சி என்ற உரிமை பள்ளியில் தொடங்குகிறது. மழலையர் கூடத்தில் பழங்குடியினரான சாமி மக்களின் மொழி பேசும் குழந்தைகளுக்கும் சைகை மொழிக் குழந்தைகளுக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. புலம்பெயர்ந்த குழந்தைக்கு இருமொழி உதவியாளர் கிடைப்பது உள்ளாட்சியின் மனத்தையும் பணப்பையையும் பொறுத்தது. ஏற்கெனவே அங்கே உதவியாளராக வேலை செய்யும் தமிழ், சோமாலி, உருதுப் பெண்களே பல இடங்களில் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்களாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பதவிப் பெயர் உதவியாளர். செய்வது பாலம் கட்டும் வேலை. அதற்கு நேரமும் இல்லை, பதவி உயர்வுக்குப் படிக்கட்டும் இல்லை.

தமிழர்களிடம் இதற்கு ஒரு சொந்த ஏற்பாடு இருக்கிறது. 1956-இல் ஆந்தனி ராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்து இளைஞர் நார்வேயில் வந்து இறங்கினார். அவரைத் தொடர்ந்து மாணவர்கள் வந்தார்கள், 1980-களில் போர் துரத்திய இளைஞர்கள் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்று நாடு முழுவதும் இலங்கைப் பின்னணி கொண்டவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். ஆஸ்லோவின் ரொம்மனில் உள்ள அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் போன்ற வார இறுதிப் பள்ளிகள் சின்னஞ்சிறுசுகளுக்குத் தமிழும் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கின்றன. திங்கள் முதல் வெள்ளிவரை ஒரு கூடம், சனிக்கிழமை இன்னொரு கூடம். ஒரே பிள்ளை. இந்த இரண்டு கூடங்களின் ஆசிரியர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது அபூர்வம். புதிதாகத் திட்டம் தீட்டுபவர்கள் முதலில் அந்த மேசையைப் போடலாம்.

காசு கொடுத்தும் பார்த்தாயிற்று

குடியேறிய குடும்பங்கள் பிள்ளைகளைக் கூடத்துக்கு அனுப்பத் தயங்குவதை நார்வே முதலில் பணப் பிரச்சினையாகப் பார்த்தது. அதிலும் இரண்டு கைகள் எதிரெதிர்த் திசையில் இழுத்தன. 1998-இல் வந்த உதவித்தொகைத் திட்டம், குழந்தையைக் கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் கொடுத்தது. குடியேறிய தாய்மார் வேலைக்கும் போகாமல், பிள்ளை நார்வேஜிய மொழியும் கேளாமல் வீட்டோடு இருக்க இதுவே காரணம் என்று விமர்சனம் வளர்ந்தது. படிப்படியாக வெட்டி, இன்று அது ஒரு வயதைத் தாண்டிய சில மாதங்களுக்கு மட்டும்.

மறு பக்கம், 2006 வாக்கில் க்ரூருட் பள்ளத்தாக்கில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நாளில் சில மணி நேரம் இலவசமாக்கிப் பார்த்தார்கள். புள்ளியியல் ஆய்வாளர்கள் அலசியபோது கண்டது: குழந்தைகள் வந்தார்கள், சேர்க்கை நன்றாகவே உயர்ந்தது, ஆனால் தாய்மார் வேலைக்குப் போவது அதனால் கூடவில்லை. கதவைத் திறந்தால் பிள்ளை உள்ளே வரும். அம்மா வாசலோடு நின்றுவிடுகிறார்.

அம்மாவை உள்ளே அழைக்கும் ஏற்பாடுகளும் உண்டு. ‘திறந்த மழலையர் கூடம்’ அதில் ஒன்று: பதிவு தேவையில்லை, பிள்ளையோடு பெற்றோரும் பாட்டியும் வந்து உட்காரலாம், காபி குடிக்கலாம். அங்கே ஊழியர்களை மனிதர்களாகப் பார்த்துப் பழகிய தாய்க்கு ஓராண்டு கழித்து மற்ற கூடத்தின் வாசல் அவ்வளவு உயரமாகத் தெரியாது. இன்னொன்று, ஆஸ்லோவில் உருவான ஐ.சி.டி.பி. என்ற பெற்றோர் குழு முறை. சிறுபான்மையினருக்கான வடிவத்தில் குழுவை நடத்தும் இருவரில் ஒருவர் பெற்றோரின் மொழி பேசுபவர். ‘இப்படி வளர்’ என்று பாடம் எடுப்பதைவிட, நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்வது எது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குவது அதன் வழி. அடிக்காமல் எப்படிக் கண்டிப்பது என்ற கேள்வியை ஒரு தாய் தமிழில், தமிழ்ப் பெண்ணிடம் கேட்க முடிவது சாதாரண விஷயமில்லை. பெர்லினின் நாய்க்கோல்ன் பகுதியில் 2004-இல் இன்னும் ஒரு படி போனார்கள். துருக்கி, அரபு பேசும் தாய்மார்களையே பயிற்றுவித்து, சிவப்புக் கழுத்துத்துணி கட்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். இதே பாணி பிறகு ஆஸ்லோவுக்கும் வந்தது.

தெரிந்த முகம் வேண்டாம்

கடைசியாக, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு சிக்கல். 2022 ஜனவரி முதல் நார்வேயில் மொழிபெயர்ப்பாளர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பெற்றோருக்காகப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வதற்குத் தடை. தேவைப்படும் இடத்தில் தகுதியுள்ள ஒருவரைப் பொது நிர்வாகமே ஏற்பாடு செய்ய வேண்டும். நல்ல சட்டம். ஆனால் 15 ஆயிரம் பேர் கொண்ட சமூகத்தில் மொழிபெயர்ப்பாளர் யாராக இருப்பார்? கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் முன்னால் நிற்பவர். மகளின் நடன வகுப்புத் தோழியின் அப்பா. அவர் முன்னால் வைத்து, என் பிள்ளை இன்னும் பேசவில்லை, எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை, வீட்டில் சண்டை என்று ஒரு தாய் வாய் திறப்பாரா? ரகசியம் காப்பது அவருடைய தொழில் தர்மம் என்று ஆசிரியை அடித்துச் சொன்னாலும் நம்பிக்கை வராது. ‘எனக்கு நார்வேஜியன் விளங்கும், ஆள் தேவையில்லை’ என்று சொல்லிவிட்டு, பாதி விளங்காமல் தலையாட்டிவிட்டு வருவார். கூடத்துப் பதிவேட்டில் ‘மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றார்’ என்று ஒரு வரி ஏறும்.

இதற்கு மருந்து கூடத்தின் கையிலேயே இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே கேட்க வேண்டும்: நேரில் வருபவர் வேண்டுமா, தொலைபேசியில் பேசுபவர் போதுமா? ஆணா, பெண்ணா? ஆஸ்லோ ஆளா, ட்ரொம்சோவிலிருந்து பேசும் ஆளா? உங்கள் பெயரைச் சொல்லாமலே நடத்தலாம், சம்மதமா? ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் பெற்றோர் சந்திப்புக்கு அனுப்பும் அழைப்புத் தாளிலேயே இந்தக் கேள்விகளைத் தமிழிலும் சோமாலியிலும் உருதுவிலும் அச்சிட்டு வைக்கலாம்.